கேரவனுக்கு எந்த ஸ்பிரிங்?

ஸ்பிரிங் பட்டறைக்காரருக்கு அந்த வட்டாரத்து ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'அஞ்சு நிமிஷம்'. வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால் இரண்டே கேள்விகள்தான் கேட்பார். உள்ளே என்ன ஏற்றுவீர்கள், எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள். பதில் வந்த கையோடு பட்டை ஸ்பிரிங்கா, சுருள் ஸ்பிரிங்கா, எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவார். யாராவது வாதாட வந்தால், "அப்போ நீங்களே மாட்டிக்குங்க" என்று ஸ்பேனரை நீட்டுவார். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

அப்பேர்ப்பட்ட மனிதர், தன் சொந்தக் கேரவனுக்கு ஒரு ஸ்பிரிங் முடிவு செய்ய முடியாமல் மழைக்காலம் முழுவதையும் கரைத்துவிட்டார். கூடவே வேலை பார்த்த மச்சினனுக்கு, அதாவது அவர் மனைவியின் தம்பிக்கு, சிரிப்பதா எரிச்சல்படுவதா என்றே தெரியவில்லை.

கேரவன் என்றதும் நடிகர்கள் ஏறி உட்காரும் சொகுசு வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போகிற பெட்டி வீடு அது. பழையதாக வாங்கி, சக்கரங்களைக் கழற்றி, பட்டறையின் பின்பக்கம் மரக்கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார். அதற்குள் போகப்போவது மனைவியின் டயாலிசிஸ் மெஷின். அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டிலேயே மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மகளோ மலைக்கு அந்தப்புறம், தார் ரோடு முடிந்து கல்லும் பள்ளமுமாக நாள்கணக்கில் போகிற பாதையின் கடைசியில், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் போனில் பார்த்ததுதான். மெஷினை விட்டு மனைவியால் நகர முடியாது என்றால் மெஷினையே கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று சொன்னது அவர்தான். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

பட்டை ஸ்பிரிங் போட்டால் தூக்கித் தூக்கிப் போடும், மெஷின் என்ன ஆகுமோ. ஆனால் நடுக்காட்டில் ஒரு பட்டை உடைந்தாலும் கட்டையை வைத்துச் சங்கிலியால் கட்டி ஊர் வந்து சேர்ந்துவிடலாம். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற சுருள் ஸ்பிரிங் போட்டால் மெஷின் சொகுசாகப் போகும். ஆனால் சக்கரத்தைத் தாங்குகிற கை விரிசல் விட்டால், டவுனிலிருந்து புதியது வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை போட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும், ஒரு கூர்க்கல் போதும் அதன் கதை முடிய. மெஷின் இருக்கும் இடத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றாக மாட்டி, குண்டும் குழியுமான ரோட்டில் இழுத்துப் பார்த்தார். தண்ணீர் எவ்வளவு தளும்புகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி கழற்றினார். எப்போது வருவீர்கள் என்று மகள் போனில் கேட்டால் பிடிகொடுக்காமல் பேசினார்.

மச்சினன் ஒரு நாள் பொறுமை இழந்தான். "மாமா, இதே கேரவனை வேற யாராவது கொண்டுவந்தா என்ன சொல்லுவீங்க?"

"சுருள் ஸ்பிரிங்தான். இதுல என்ன யோசனை?"

"பின்ன?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மனைவியும் பட்டறைக்கு வந்திருந்தாள். பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுருள் ஸ்பிரிங்ல என்ன பயம் உங்களுக்கு?" என்றாள்.

"சக்கரத்தைத் தாங்குற கை உடைஞ்சா நடுவழியில மாட்டிக்குவோம்."

"போறப்பவா, வர்றப்பவா?"

அவருக்குத் தொழிலில் பொய் சொல்ல வராது. "போறப்போ உடையாது. புதுசு, தாங்கிரும். அதே கல்லுல திரும்ப அடி வாங்குறப்போதான் சொல்ல முடியாது."

"அப்போ சுருளே போடுங்க."

"திரும்பி வர வேணாமா?"

"நான் வரலைங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "டாக்டர் சொன்னப்போ நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க. இதயம் களைச்சுப் போச்சு, ரொம்ப நாள் எதிர்பார்க்காதீங்கன்னார். வெளிய வந்ததும் நீங்க காரை எங்க நிறுத்தினோம்னு பேச ஆரம்பிச்சிட்டீங்க. சரி, தாங்க முடியலை போலன்னு நானும் விட்டுட்டேன். அங்க மக வீட்டுல கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு. மருந்துப் பெட்டியெல்லாம் லாரியில வரும்னு விசாரிச்சிட்டேன். இருக்கிற வரைக்கும் குழந்தையோட இருந்துக்கிறேன்."

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். "என்னைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டியா?"

"கேட்டா இன்னொரு மழைக்காலம் யோசிப்பீங்க."

மச்சினன் சிரித்துவிட்டு, உடனே தலையைக் குனிந்துகொண்டான். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் ஸ்பிரிங்கையா யோசித்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அவரிடம் எப்போதோ விடை இருந்தது. அவளோடு திரும்பி வருவதற்குத்தான் எந்தக் கடையிலும் ஸ்பிரிங் கிடைக்கவில்லை. கேரவன் சுவரில் கையை ஊன்றி நின்றுகொண்டார்.

"நீங்க கொஞ்ச நாள் இருந்துட்டு வந்துருங்க," என்றாள் அவள். "பட்டறை இருக்கு, தம்பி இருக்கான். வெறும் கேரவன் மெதுவா வரட்டும், அவசரமா என்ன?"

அவர் மச்சினனைப் பார்த்து, "சுருள் செட்டை எடு" என்றார்.

"எந்தக் கனம் மாமா?"

நியாயமான கேள்விதான். சுருளை எடைக்குத் தக்கபடி எடுக்க வேண்டும். கனமானதைப் போட்டால் காலி வண்டி துள்ளிக் குதிக்கும். பாரம் ஏற்றிப் போய் வெறுமனே திரும்புகிற வண்டிக்கு நடுத்தரக் கனம்தான் போடுவார்கள். மச்சினன் மெஷின், தண்ணீர் வடிகட்டி, ஜெனரேட்டர், மருந்துப் பெட்டிகள், அக்காவின் துணிமணி என்று வாய்விட்டுக் கூட்டிக்கொண்டே நடுத்தரச் செட்டின் பக்கம் கையை நீட்டினான்.

அவர் பட்டறைக்குள் போனார். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் வேண்டியதை எடுக்கிற மாதிரி அவர் அடுக்கிவைத்திருந்த பெரிய டூல்ஸ் பெட்டியைத் தரையோடு தரையாக இழுத்துவந்து கேரவன் பக்கத்தில் விட்டார். அப்புறம் உள்ளே போய் வெல்டிங் மெஷினையும் தூக்கி வந்தார்.

"இதையும் சேர்த்துக்க."

"வழியில ரிப்பேர் பார்க்க ரெண்டு ஸ்பேனர் போதாதா மாமா?"

"வழிக்கு இல்ல. அந்த ஊர்லயும் நாலு வண்டி ஓடும்ல? நான் சும்மா உக்காந்திருக்கவா?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

"கனமான செட்டையே எடு மாப்பிள்ளை," என்றார் அவர். "வண்டி திரும்பி வராது."