க்யூவும் இஸட்டும் சேர்ந்த சொல்

எனக்கு ஒரு காலத்தில் ஆங்கிலத் திமிர் இருந்தது. கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ரப்பர் கிடங்கில் எடைச் சீட்டு எழுதும் கிராணியாக இருந்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுப்போட்ட சாமான்களில் தடித்த ஆங்கில அகராதி ஒன்றைப் பொறுக்கி வைத்திருந்தேன். ஆபீஸில் வேறு எந்தக் கிராணியிடமும் அகராதி கிடையாது. அதனால் மதிய விளையாட்டில் ஆட்டக்காரனும் நானே, தீர்ப்புச் சொல்பவனும் நானே. இது என்ன நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

விளையாட்டு இதுதான். ஒருவர் இரண்டு எழுத்துகளைச் சொல்வார். அந்த இரண்டும் உள்ள ஆங்கிலச் சொற்களை மற்றவர்கள் மாறி மாறிச் சொல்ல வேண்டும். சொல் கிடைக்காமல் விழிப்பவர் எதிர்க்கடைக்குப் போய் எல்லாருக்கும் கோப்பி வாங்கிவர வேண்டும். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் நானும் பக்கத்து மேசைக்காரனும்தான். பிரிக்பீல்ட்ஸில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். காலையில் ஒரே ரயிலில் கிள்ளானுக்கு வருவோம். என்னைவிட நாலைந்து வயது இளையவன். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பான், வடை மடித்துத் தந்த காகிதத்தைக்கூட விடமாட்டான். என்னைவிட அவனுக்குச் சொற்கள் அதிகம் தெரியும். அது எனக்கும் தெரிந்திருந்ததுதான் எரிச்சல்.

அன்று க்யூவும் இஸட்டும். ஸ்க்வீஸ் போயிற்று, குவிஸ் போயிற்று. குவார்ட்ஸை நான் சொல்லிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆபீஸ் துரை சாப்பாட்டிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டார். எழுந்து நின்றோம். அவருக்கும் சொல் பைத்தியம் உண்டு. நடக்கட்டும் என்று கைகாட்டிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"குவெட்ஸல்," என்றான் அவன். ஏதோ தூர தேசத்துப் பச்சைப் பறவையாம்.

துரை அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. என்னைப் பார்த்தார். அகராதியைத் திறந்தேன். இருந்தது. பக்கத்தின் நடுவில் அவன் சொன்ன அதே பறவை. என்னிடம் அடுத்த சொல் இல்லை. துரை பார்த்துக்கொண்டிருக்க நான் கோப்பி தூக்கிவர வேண்டும்.

"இல்லை சார்," என்று சொல்லி மூடிவிட்டேன்.

சொல்லை இட்டுக்கட்டுகிறவன் எடைச் சீட்டையும் இட்டுக்கட்டுவானோ என்று துரை கேட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு அவனும் சிரித்துக்கொண்டே கோப்பி வாங்கப் போனான். அன்று மாலையே அகராதியை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டேன். அன்றிலிருந்து துரை அவன் சீட்டுகளை இரண்டு முறை பார்த்தார். என் சீட்டுகளில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஆண்டு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கிடங்கில் எடைச் சீட்டு எழுதும் எங்கள் இருவரில் ஒருவர் போதும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. துரை அதிகம் யோசிக்கவில்லை. இட்டுக்கட்டுகிறவனை அனுப்பிவிடலாம் என்று என்னிடமே சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சுவிட்டேன். போனது அவன் தலை என்பது அப்போது உறைக்கவில்லை.

அவன் மனைவிக்கு அது ஏழாம் மாதம். இங்கேயே காப்பாரில் பிறந்தவள், இந்தியாவைப் பார்த்ததே இல்லை. சம்பளம் நின்றால் அறை இல்லை. கம்பெனி கொடுப்பதாகச் சொன்னதெல்லாம் நாகப்பட்டினத்துக்கு இரண்டு கப்பல் சீட்டுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, அந்த அகராதிய ஒரு நாளைக்குக் குடுங்க. அந்தப் பக்கத்தத் துரைகிட்ட காட்டிப் பாக்குறேன். நான் இட்டுக்கட்டலன்னு தெரிஞ்சா மனசு மாறினாலும் மாறும்லா."

துரையின் மனம் மாறினால் போக வேண்டியவன் நான். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

"கரையான் அரிச்சிருச்சு தம்பி. தூக்கிப் போட்டுட்டேன்."

உள்ளே என் மனைவி சின்னவனை அதே அகராதியின் மேல் உட்காரவைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அவன் உள்ளே பார்த்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. "சரிங்கண்ணே," என்று போய்விட்டான். என் மனைவி சின்னவனை இறக்கிவிட்டு, அகராதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அகராதியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகவில்லை.

கப்பல் நாளன்று துறைமுகத்துக்கு அதே காலை ரயிலில் புறப்பட்டார்கள். இரண்டு தகரப் பெட்டிகள், ஒரு பாய்ச்சுருட்டு. எதிர் இருக்கையில் நான். அவன் மனைவி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கிள்ளான் நெருங்கும்போதுதான் அவன் வாய் திறந்தான்.

"அந்தச் சொல்லு இருக்குன்னு அன்னைக்கே தெரியும்ணே. உங்க முகத்துலயே தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ஒரு கோப்பி விஷயந்தானேன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கு அகராதி கேட்ட?"

"நீங்களே எடுத்துக் குடுத்துருவீங்கன்னு நெனச்சேன்," என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ரயில் நின்றது. துறைமுகம் இன்னும் சில நிலையங்கள்தான். கூடப் போய்ப் பெட்டிகளையாவது இறக்கிக் கொடுத்திருக்கலாம். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் கிள்ளானில் இறங்கிக்கொண்டேன்.