சேமக்காலையைப் பார்த்த யன்னல்

அன்பான சகோதர சகோதரிகளே, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒரு பெண் சோற்றுத் தட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு வேளை அல்ல, ஒவ்வொரு வேளையும். பக்கத்தில் நிற்கிற புருஷனுக்கு எப்படி இருக்கும்? போன குளிர்காலம் முழுவதும் என் வீட்டில் அதுதான் நடந்தது. மனைவியும் போய் பிள்ளையும் போய்விடும் என்று நான் நம்பிவிட்டேன். அந்தப் பாதாளக் கிடங்கிலிருந்து எங்களைத் தூக்கி எடுத்தவருக்குச் சாட்சி சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவி மெய்லின் சீனப் பெண். குவாங்சோ என்ற பெரிய நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். கனடாவில் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நான் கோப்பை கழுவினேன், அவள் மாவில் இறைச்சி வைத்துக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று பிடிப்பாள். அங்கே தொடங்கிய பழக்கம் கலியாணத்தில் முடிந்தது. அவளுக்குத் தமிழ் படிப்பித்தது என்னுடைய றீற்றா அக்கா. அதனால் மெய்லின் தமிழ் பேசினால் அக்கா அதட்டுகிற மாதிரியே இருக்கும். தொடக்கத்தில் என்னையும் "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள். கோயிலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த பிறகு "இஞ்சேருங்கோ" என்று மாற்றிக்கொண்டாள்.

மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். கீழே தெப்பனர் என்கிற சில்லறைக் கடை, வாசலில் பஸ், மேல் வீட்டில் எந்த நேரமும் கதிரை, மேசை இழுக்கிற சத்தம். எனக்குத் தலையிடி. அவளுக்கு அதுதான் தாலாட்டு. ஆட்கள் நடமாடுகிற சத்தம் கேட்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது.

பிறகு துறைமுகப் பக்கம் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கி என் அடிமுதுகு நாரி முறிந்தது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, மொன்றியலுக்குக் கிழக்கே தூரத்தில் ஒரு கிராமத்தில், கண்ணாடிக் கூடாரத்துக்குள் வெள்ளரிக்காய் வளர்க்கிற தோட்டத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அதே மாதம் மெய்லின் பிள்ளை உண்டாகியிருப்பது தெரிந்தது. பல வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. ஆண்டவர் இரண்டு கையாலும் தருகிறார் என்று துள்ளினேன்.

வீடு பார்க்க நான் மட்டும்தான் போனேன். அவளுக்கு அப்போது ஒரே சத்தி, வாந்தி. மாதா கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. குசினி யன்னலைத் திறந்தால் சேமக்காலை. வரிசையாகக் கல்லறைகள், சிலுவைகள், நடுவில் இயேசு சிலுவையில் தொங்குகிற ஒரு பெரிய பாடுபட்ட சுரூபம். எனக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் சனத்துக்குச் சேமக்காலை என்றால் பயமில்லை. மரித்த விசுவாசிகளின் நாளில் குடும்பத்தோடு போய்க் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தி, பூ வைத்து, செபம் சொல்லிவிட்டு வருகிற இடம். அங்கே நின்றே சரி என்று சொல்லிவிட்டு அக்காவுக்கு போன் எடுத்தேன்.

"கோயிலடியிலை வீடு கிடைக்கிறதுக்குக் குடுத்து வைச்சிருக்கோணும்" என்றாள் அக்கா.

குடிபோன அன்று மெய்லின் குசினிக்குள் வந்தாள். யன்னலைப் பார்த்தபடி நின்றாள். நான் பெருமையோடு, "ஒரு சோலியும் இல்லாத அயல். ஒருத்தரும் சத்தம் போடமாட்டினம்" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. வந்த களைப்பு என்று நினைத்தேன்.

அன்றைக்குத் தொடங்கியது. குசினிக்குள் வருவதை விட்டாள். வீட்டில் எல்லாத் திரைச்சீலையையும் இழுத்து மூடினாள். பகலிலும் எல்லா லைட்டும் எரியும், டிவி அலறும். நான் ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போக முதல் திரைச்சீலைகளைத் திறந்துவிடுவேன். "கொஞ்சம் வெளிச்சம் வரட்டும், பார், எவ்வளவு அமைதி" என்பேன். வந்து பார்த்தால் மூடியிருக்கும். மறுநாளும் திறப்பேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் அந்த மனுஷியை நான் எவ்வளவு வதைத்திருக்கிறேன்!

சாப்பாடு குறைந்தது. கஞ்சி வைத்தேன், தள்ளிவிட்டாள். சைனா டவுனுக்கு ஓடிப்போய் உப்பு முட்டை, கீரை, அவள் ஊர் வற்றல் இறைச்சி எல்லாம் வாங்கி வந்து, அவள் வீடியோவில் பார்க்கிற மாதிரியே சமைத்தேன். இரண்டு வாய். அதோடு சரி. கண் குழி விழுந்தது. வயிறு வளர வேண்டிய மாதத்தில் உடம்பு இளைத்தது. பட்டணத்துக்காரி, பனியும் தனிமையும் ஒத்துவரவில்லை என்று நினைத்தேன். பிரெஞ்சு தெரியாது, கார் ஓட்டத் தெரியாது, கதைக்க ஆளில்லை. இதற்கெல்லாம் என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து என் மண்டை காய்ந்தது.

மொன்றியலில் ஸ்கேன் எடுத்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். பிள்ளை வளர்ச்சி போதாது, தாய் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டும், பிள்ளையைப் பற்றி எந்த உறுதியும் தர முடியாது என்றார். காரில் திரும்பினோம். நெடுஞ்சாலையில் பனி அடித்துக்கொண்டிருந்தது. கிராமத்துக்குள் திரும்புகிற இடத்தில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, திரும்பிப் போவம்."

"எங்கை?"

"மொன்றியலுக்கு. எங்கையாவது. இந்த வீடு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? காரணத்தைச் சொல்லன்."

"சொல்லேலாது."

"சொல்லாட்டில் எனக்கெப்பிடித் தெரியும்?" என்று கத்தினேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடிதான் நடந்தாள். தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். நான் எப்படிப்பட்ட மண்டு என்று பாருங்கள்.

அக்காவுக்கு அழுது போன் எடுத்தேன். "அவளுக்கு எங்கட கோயில் பிடிக்கேல்லைப் போல, தம்பி. செபம் பண்ணு" என்றாள். அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மெய்லின் ஞானஸ்நானம் எடுத்தவள் அல்ல. ஆனாலும் மொன்றியலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு பூசைக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் இருப்பாள். இப்போது கோயிலின் பெயரைச் சொன்னாலே அவள் முகம் வெளிறுகிறது. என் தேவன் வேண்டாம் என்கிறாளோ? நானும் வேண்டாமோ? அக்கா தன் செபக் குழுவை போனில் சேர்த்துச் செபமாலை சொல்லத் தொடங்கினாள். நானும் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நீர் தந்த இந்த வீட்டில் அவளுக்கு மனம் பொருந்தச் செய்யும்" என்று கேட்டேன். கேட்கக் கேட்க அவள் மோசமானாள். வானம் இரும்பாகிவிட்டது என்று அழுதேன்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். வெளியே கடும் பனிப்புயல். நான் தோட்டத்தில் நின்றபடி வீட்டுக்கு போன் எடுத்தேன். பதில் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக் கதவு பூட்டவில்லை. டிவி ஓடுகிறது. அவளுடைய சப்பாத்தும் சிவப்புக் கோட்டும் இல்லை.

வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்தினேன். காற்று என் குரலை எனக்கே திருப்பித் தந்தது. அவள் நடந்த அடையாளத்தைப் பனி மூடிவிட்டது. எந்தப் பக்கம் ஓடுவது? போலீசுக்கு போன் எடுத்தேன். வருகிறோம், தெரு மோசம், நேரமாகும் என்றார்கள். இந்தக் குளிரில், மெலிந்துபோன கர்ப்பிணிப் பெண், தனியாக. என் கால் தானாகக் கோயிலுக்கு ஓடியது. கோயில் பூட்டியிருந்தது. அந்த ஊரில் எப்போதாவது ஒரு ஞாயிறுதான் பூசை. நான் படியில் விழுந்து இரண்டு கையாலும் கதவில் அடித்தேன்.

"ஆண்டவரே, இந்த வீடு வேண்டாம். வேலை வேண்டாம். பிள்ளையைக்கூட நீர் நினைச்சபடி செய்யும். அவளை மட்டும் உயிரோடை தாரும்!"

பிள்ளையையும் விட்டுக்கொடுத்துக் கேட்டேன், சகோதரங்களே. அதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. பின்னால் ஒரு டிராக்டர் சத்தம். பனி அள்ளுகிற டிராக்டரில் இருந்து ஒரு பெண் இறங்கினாள். மதாம் ஜினெத். தெருக்கோடியில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற விதவை. தலையாட்டிப் போவதைத் தவிர அதுவரை நாங்கள் கதைத்ததில்லை. அவள் பிரெஞ்சில் மளமளவென்று சொன்னதில் எனக்கு இரண்டு சொல்தான் விளங்கியது. உன் மனைவி. என் வீடு.

அந்தப் பண்ணை வீட்டுக் குசினியில் என் மனைவி போர்வை சுற்றிக்கொண்டு இருந்தாள். முன்னால் ஒரு கோப்பை பட்டாணி சூப். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்! பாண் ரொட்டியை உடைத்துத் தோய்த்து, பசித்த பிள்ளை மாதிரிச் சாப்பிட்டாள். முடிந்ததும் கோப்பையை நீட்டி இன்னும் கேட்டாள். நான் நிலத்தில் குந்தி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"அங்கை என்னாலை சாப்பிடேலாது. செத்த ஆக்கள் வரிசையா நிண்டு பாத்துக்கொண்டிருக்கினம். எப்பிடிச் சாப்பிடுறது, எப்பிடிப் படுக்கிறது? எங்கட ஊரிலை கல்லறைக்கு முன்னாலை ஒருத்தரும் வீடு எடுக்கமாட்டினம். அதுவும் பிள்ளைத்தாச்சி."

"உதை ஏன் முந்தியே சொல்லேல்லை?"

"வயித்திலை பிள்ளையோடை சாவைப் பற்றி வாயாலை சொல்லக் கூடாது. சொன்னா வரும் எண்டு அம்மா சொல்லித் தந்தவ. நான் சொல்லிப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? அதுதான் பொத்திக்கொண்டு இருந்தனான்."

நான் வரம் என்று நினைத்த யன்னல் அவளுக்குச் சாபமாக இருந்திருக்கிறது. பிள்ளையைக் காப்பாற்ற அவள் பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமையே பிள்ளையைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் கோயிலை அவள் வெறுக்கவே இல்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருந்தது. மதாம் ஜினெத்தின் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய மகன் இருந்துவிட்டுப் போன சின்ன வீடு காலியாக இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. அவளே திறப்புச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். விடிய முதல் பால் கறக்கிற மெஷின் சத்தம், பால் லொறி சத்தம், மாடுகள் கத்துகிற சத்தம். எனக்குப் பழையபடி தலையிடி. மெய்லின் அடித்துப் போட்ட மாதிரி நித்திரை கொண்டாள். ஒரு கிழமையில் குசினிக்குள் போய்த் தானே சமைத்தாள். மதாம் ஜினெத்தும் அவளும் ஒரு பொதுப் பாஷையும் இல்லாமல் நாள் முழுக்கக் கதைக்கிறார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "கோயிலடி வீட்டை விட்டிட்டு மாட்டுக் கொட்டிலடிக்கோ போறாய்?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. அவர் பிறந்ததும் கொட்டிலிலைதானே" என்றேன்.

வைகாசியில் மகள் பிறந்தாள். கொஞ்சம் சின்னப் பிள்ளை, ஆனால் அழுதால் மாடுகளே திரும்பிப் பார்க்கும். இன்றும் பூசைக்குப் போகும்போது கல்லறைகள் தெரியாத பக்கத்தால் சுற்றித்தான் போவோம். முன்பென்றால் வாதாடியிருப்பேன். இப்போது அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ நானும் அந்தப் பக்கம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் யாரோ சாப்பிடாமல், பேசாமல் கிடக்கலாம். வானம் இரும்பு என்று நீங்களும் நினைக்கலாம். கேட்பதை விடாதீர்கள். நம்பிக் கேளுங்கள். நீங்கள் கேட்ட மாதிரியே அவர் செய்யவேண்டும் என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இந்தச் சாட்சியை எழுதி முடித்து மெய்லினுக்கு வாசித்துக் காட்டினேன். கோயில் படியில் நான் கதறிய இடத்தில் அவள் கையைத் தூக்கி மறித்தாள்.

"நீங்கள் கதவிலை அடிக்கேக்கை நான் சூப் குடிச்சுக்கொண்டிருந்தனான்."

"அதுக்கு?"

"அதுக்கு முந்தி, அந்த வீட்டுக்குள்ளை இருக்கேலாமல் வெளிக்கிட்டு நடந்து, ரோட்டிலை பனிக்குள்ளை விழுந்திட்டன். எழும்பேலாமல் கிடந்தனான். அப்ப உங்கட சாமியைக் கூப்பிட்டனான். உயிரோடை இருக்கிற ஒரு ஆளை எனக்குக் காட்டு எண்டு கேட்டனான். உடனை டிராக்டர் வந்தது. அதையும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். ஞானஸ்நானம் எடுத்து, செபமாலை உருட்டி, மாதக்கணக்காக முழங்காலில் நின்றவன் நான். ஆண்டவர் அன்று முதலில் கேட்டது பனிக்குள் விழுந்து கிடந்த அவளுடைய குரலைத்தான்.