நூறு தடவை பிரேக்

"பிரேக்" என்றார் பிசியோ தம்பி. அப்போது அவர் வேறு யாருடைய தோளையோ சுழற்றிக்கொண்டிருந்தார். முகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஹாலின் மூலையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த டீச்சரின் வலது கால், பலகையில் திருகி வைத்த பழைய பெடலின் மேல் தொப்பென்று விழுந்தது. கம்பிகளைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்த பெரியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க நடங்க சார், உங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, டீச்சர் இடது கையால் சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு கோடு போட்டார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர். பதறிப்போய் ஸ்டியரிங்கைப் பிடுங்குகிற பழக்கமே கிடையாது. "ஸ்டியரிங் உன்னோடது. எனக்கு பிரேக் போதும்" என்பார். பயத்தில் கண்கலங்குகிறவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு: "அழணும்னா ஓரமா நிறுத்திட்டு அழு, நானும் கூட உட்கார்றேன். அழுதுகிட்டே ஓட்டாதே."

போன வருஷம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. பக்கவாதம், வலது கையும் காலும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. வாய் குழறியது பத்து நாள்தான். "கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்குக் கிடைச்ச ஒரே லீவு அந்தப் பத்து நாள்தான்" என்று கணவரைக் காட்டி டீச்சரே சொல்லுவார்.

கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அவர் ஆசையாக வாங்கி வந்த சக்கர நாற்காலியில் டீச்சர் ஈரத்துணியை உலர்த்தினார். பார்க்க வந்தவர்கள் யாராவது "பாவம்" என்று வாயெடுத்தால் போதும், முன்னால் ஒரு கிண்ணம் பட்டன் வந்து உட்காரும். கறுப்பை ஒரு பக்கம், வெள்ளையை ஒரு பக்கம் பிரிக்க வேண்டும். டீச்சர் கோணிய வலது கையால், வந்தவர் நல்ல கையால். தங்கை ஒருநாள் இந்தப் போட்டியில் தோற்றுப்போனாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனுஷர்தான். ஆபீசில் உட்கார்ந்து ஆள் சேர்க்கிற வேலையைப் பாருங்கள் என்றார். டீச்சர் இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு, அந்த நாற்காலியில் தூக்கம்தான் வருகிறது என்று திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் மெக்கானிக் கடையில் ஒரு பழைய பெடலைக் கேட்டு வாங்கி, கணவர் கையில் சுமக்க வைத்து, பயிற்சி ஹாலுக்கு வந்து சேர்ந்தார். பிசியோ தம்பி பந்தை அமுக்கச் சொன்னால் அமுக்குவார், படி ஏறச் சொன்னால் ஏறுவார். கூலியாக, எதிர்பாராத நேரத்தில் அவர் "பிரேக்" சொல்ல வேண்டும். தொடர்ந்து நூறு தடவை, ஒன்றுகூடப் பிசகாமல் கால் போக வேண்டும். அதுவரை வண்டிப் பக்கம் போவதில்லை என்பது டீச்சர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட நிபந்தனை.

மகளுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. ஒருநாள் ஹாலுக்கே வந்து கேட்டாள்: "மறுபடி அந்த சீட்ல உட்காரணுமாம்மா? ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ஒரு உயிர் போகும். அது எனக்குத் தெரியாதா? அதனாலதான்டி உட்கார்ந்து எண்ணிக்கிட்டிருக்கேன்."

ஏழாவது மாதம் ஒருநாள் தொண்ணூற்று மூன்று வரை வந்துவிட்டது. அடுத்த குரலுக்குக் கால் எழுந்தது, ஆனால் செருப்பு நுனி பலகையில் தட்டிவிட்டது. நூலிழைத் தாமதம். பிசியோ தம்பி பார்க்காத மாதிரி இருந்தார். டீச்சர் குனிந்து, ஈரத்துணியால் தரையில் இருந்த கோடுகள் அத்தனையையும் துடைத்தார்.

"டீச்சர், இதெல்லாம் ஒரு தப்பா? விட்டுடலாமே."

"ரோட்டைக் கடக்கிறவ விடுவாளா தம்பி? ஒண்ணுலேர்ந்து ஆரம்பி."

ஒன்றிலிருந்து தொடங்கி நூறை எட்ட இன்னும் பதினேழு நாளாயிற்று. வண்டியில் உட்காரலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார், அரசாங்க ஆபீசில் காலைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. டீச்சரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, காலி மைதானத்துக்குத் தானே ஓட்டிப் போனார். எதிரே அடுக்கியிருந்த காலிப் பீப்பாய்களைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி பீப்பாய்க்கு மூன்றடி தள்ளிக் குலுங்கி நின்றது. முதலாளியின் மூக்குக்கண்ணாடி எகிறி டாஷ்போர்டில் விழுந்தது. டீச்சர் அதை எடுத்து, புடவை நுனியால் துடைத்துக் கொடுத்தார். "வேகம் அதிகம் சார். நீங்க ஒரு மாசம் கிளாசுக்கு வரணும்."

இப்போது காலையில் இரண்டு வகுப்பு, அவ்வளவுதான். வெயில் ஏறினால் கால் கனத்துவிடுகிறது. அதை மறைப்பதில்லை, வீட்டுக்குப் போய்விடுகிறார். வலது கை முழுதாகத் திரும்பவில்லை. கையெழுத்து இடது கையில்தான்.

நேற்று புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, டீச்சர் சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் இழுத்த பட்டை பாதியில் சிக்கியது. விட்டு, மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. கொக்கி குழியைத் தேடி இரண்டு முறை தவறியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பொறுக்கமுடியாமல் அந்தப் பெண் உதவக் கை நீட்டினாள்.

டீச்சர் அந்தப் புறங்கையில் ஒற்றை விரலால் மெல்லத் தட்டி, மேலே இருந்த கண்ணாடியைக் காட்டினார். அவள் கையை இழுத்துக்கொண்டு, பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினாள். டீச்சர் பட்டையை மூன்றாவது முறையாக இழுத்தார்.