மழைக்கு ஒதுங்கிய மோட்டார் சைக்கிள்

போன வாரம் முழுக்க என் வீட்டில் பெட்ரோல் வாசனை. என் மோட்டார் சைக்கிள் உங்களுக்குத் தெரிந்ததுதான் - யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் விலைபோய், திருக்கோகர்ணத்துக்கு வந்து சேர்ந்த கிழம். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடப் பொன்னமராவதி வரை என்னைச் சுமப்பது அதுதான்.

கார்புரேட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. டாங்க் குழாயை மூடி வைத்தால் போதாதா என்பீர்கள். மூடினாலும் கசிகிற குழாய் அது...

நம் ஊர் வைத்தியத்தைச் செய்தேன். ஈரம் தெரிந்த இடத்தில் சலவை சோப்பைக் குழைத்து அப்பினேன். பெட்ரோலில் சோப்பு கரையாதாம். அன்று நின்றது. மறுநாள் வேறு பக்கம் ஒழுகியது. அங்கேயும் அப்பினேன். வாஷரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மனைவி மீனாட்சியிடம், "சரியாயிருச்சு" என்று அறிவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. எதற்கோ கொல்லைப் பக்கம் போனேன். தாழ்வாரத்தில் மூன்று கல்லைக் கூட்டி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள் மீனாட்சி.

"இங்க என்ன பண்றே?"

"ஒரு வாரமா இங்கிட்டுத்தாங்க சமைக்கிறேன். அடுப்படிக்குப் பக்கத்துல வண்டிய நிப்பாட்டி வச்சிருக்கீங்க. உள்ள தீக்குச்சி ஒரசவே பயமா இருக்கு."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். சரியாயிருச்சுன்னீங்க."

வண்டி நனையக் கூடாதென்று நடைக்குள் நிறுத்தியிருந்தேன். அதற்காக அவள் வெளியே நனைந்திருக்கிறாள். நான் மூன்று வேளையும் சூடாகச் சாப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வண்டியை வாசலுக்குத் தள்ளிப்போய், கார்புரேட்டரைக் கழற்றித் தட்டில் பரப்பினேன். அதற்குள் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்குள் உள்கூடான பித்தளை மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலேறி, வருகிற வழியை ஊசியால் அடைக்க வேண்டும்.

பார்க்க வந்த மீனாட்சி அந்த மிதவையை எடுத்தாள். கடையில் தேங்காய் பொறுக்குகிற பழக்கம்... காதருகே வைத்து ஆட்டினாள்.

"உள்ள தண்ணி ஆடுதுங்க. ஆடலாமா?"

ஆடக் கூடாது. வெந்நீரில் போட்டுப் பார்த்தோம். விளிம்பிலிருந்து குமிழி வரிசையாகக் கிளம்பியது. ஊசிமுனை ஓட்டை. அதன் வழியே பெட்ரோல் புகுந்து, மிதவை மிதக்காமல் கிடந்திருக்கிறது. கிண்ணம் நிறைந்து வழிய, நான் வெளியே சோப்பு அப்பியிருக்கிறேன். வீட்டிலும் ஆபீஸிலும் இப்படி நாம் சோப்பு அப்பிய இடங்கள் எத்தனை இருக்கும்?

பாத்திர ஓட்டை அடைக்கும் இபுராகிம் ராவுத்தர் மிதவையை வாசனை போகும்வரை காயவைத்துவிட்டு ஈயம் வைத்தார். மாட்டிப் பார்த்தால் மறுபடி சொட்டு. திரும்பக் கொண்டுபோனேன்.

"கொடத்துக்கு வைக்கிற மாதிரி தாராளமா வச்சுட்டேன் சார். கொடம் ஒழுகாம இருந்தாப் போதும். இது மெதக்கவும் வேணுமில்ல?" என்று சிரித்தபடி, அதிகப்படி ஈயத்தைச் சுரண்டி எடுத்தார். சொட்டு நின்றது.

வீட்டுக்கு வந்து, "சரியாயிருச்சு" என்றேன். வண்டி இனிமேல் வெளியிலேயே நிற்கட்டும் என்றேன்.

"வேண்டாங்க. மழையில துருப்பிடிச்சுரும். உள்ளயே நிக்கட்டும்" என்றாள்.

வண்டியை நடையில் நிறுத்தியதும், அதன் அடியில் ஆறிய சாம்பலைப் பரப்பினாள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். சமையல் கொல்லையிலேயே நடந்தது. தினமும் காலையில் குனிந்து சாம்பலைப் பார்ப்பாள். விறகை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். கூடவே நானும் போய்க் குடை பிடித்தேன். நாலாம் நாளும் சாம்பல் உலர்ந்தே கிடந்ததைப் பார்த்துவிட்டு, விறகோடு அடுப்படிக்குள் போனாள்.

கார்புரேட்டரைச் சரி செய்ய ஒரு நாள் ஆனது. என் வார்த்தையைச் சரி செய்ய நாலு நாள்.