அம்மா ஆசைப்பட்ட விரால்

எங்கள் அம்மாவுக்குக் குளத்து மீன் ஆகாது. சேற்று மணம் என்று முகத்தைச் சுளிப்பார். மன்னார்க் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, மீன் என்றால் உப்புத் தண்ணீரில் நீந்தியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "இஞ்சருங்கோ, எனக்கு விரால் தின்னவேணும்போல கிடக்கு" என்றார். அப்பா பிசைந்த சோற்றை வாயில் வைக்க மறந்துபோனார்.

அப்பா அப்போது கடலுக்குப் போவதில்லை. வாடைக் காற்றில் எஞ்சின் நின்று, படகு எங்கோ இழுபட்டு, நாங்கள் எல்லோரும் அழுது முடித்த பிறகு உயிரோடு கரை சேர்ந்தவர். அதன்பின் படகு மணலில் குப்புறக் கிடந்தது. காலையில் கரைவரை போவார். அலை காலை நனைத்ததும் திரும்பிவிடுவார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொண்டுவந்து தரும் மீனைத்தான் சாப்பிட்டோம். அப்பா எப்போது தொழிலுக்குப் போவார் என்று வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை.

"சந்தையில வாங்கித் தாறன்" என்றார் அப்பா.

"வாங்கினது வேண்டாம். நீங்கள் பிடிச்சது வேணும்."

பக்கத்து வீட்டு மாமிக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. வேலியடிக்கு வந்து, "என்ன பிள்ளை, வாய்க்கு ஆசையோ? எத்தினை மாசம்?" என்று கேட்டார். அம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை; சும்மா சிரித்தார். எனக்கு அது போதும். தம்பி வரப்போகிறான் என்று மறுநாளே வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். அவனுக்குப் பெயரும் வைத்தாயிற்று.

நானாட்டான் பக்கத்துக் குளமொன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போவதென்று முடிவானது. கலியாணத்துக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு ஆயத்தம் நடந்ததில்லை. எங்கள் மணலில் மண்புழு ஏது? கிணற்றடியில் வாழைக்குக் கீழே கிண்டிக் கிண்டி, ஒரு பால்மா டின்னில் நான் சேர்த்தேன். மிதப்பு வெட்ட என் பழைய செருப்பையும் கொடுத்தேன், எல்லாம் தம்பிக்காக.

அப்பா வெகுநாளுக்குப் பிறகு அலுமாரிக்கு மேலிருந்த தூண்டில் பெட்டியை இறக்கினார். மாமா அதிலிருந்து பெரிய முள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதை விரால் கண்டால் விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றார் அப்பா.

"அப்ப நங்கூரமும் ஏத்தட்டோ, அத்தான்?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது. அம்மா குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தார்.

குளத்தில் இரண்டு விரால் பட்டன. மூன்றாவது முறை வீசியபோது தூண்டில், தண்ணீருக்குள் நின்ற ஒரு பட்ட மரத்தில் சிக்கிக்கொண்டது. "ஒரு முள்ளுத்தானே அத்தான், அறுத்து விடுங்கோ" என்ற மாமாவை அம்மா எரிப்பதுபோலப் பார்த்தார். அப்பா கொஞ்ச நேரம் குளக்கட்டில் நின்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நான் பயந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்தேன்; அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளைக் கழற்றிய அப்பா உடனே திரும்பவில்லை. ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

அன்றிரவு அம்மா புளி தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தார். அப்பா பார்க்க ஒரு வாய் சாப்பிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். மிச்சத்தை வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் பூனைக்கு வைத்ததை நான்தான் கண்டேன். தம்பிக்கு விரால் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை அப்பாவும் மாமாவும் படகைப் புரட்டித் தண்ணீரில் தள்ளினார்கள். எஞ்சின் சத்தம் தேய்ந்து மறையும்வரை அம்மா கரையில் அசையாமல் நின்றார்.

"அம்மா, தம்பி எப்ப வருவான்?"

"எந்தத் தம்பி?"

"விரால் கேட்டீங்கள்தானே?"

அம்மாவுக்கு விளங்கச் சற்று நேரமானது. பிறகு சிரித்தார், கண்ணில் நீர் வழிய மணலில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குப் பொல்லாத கோபம். வகுப்பில் நான் இனி என்ன சொல்வது? அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவில்லை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்; குளத்தில் முழுகி எழுந்தவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.