லைன் அக்கா மாப்பிள்ளைக்கு அனுப்பிய நாவல்

"அவன் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பற்றினான். வளையல்கள் நொறுங்கின." லைன் அக்கா இந்த வரியை வாசித்தபோது எங்கள் தொழிற்சாலை பஸ் அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் ஒருத்தி "ஐயோ!" என்று நெஞ்சில் கையை வைத்தாள். பயத்தில் அல்ல, ஆசையில். "என்னை ஒருத்தனும் உப்பிடிப் பிடிக்கிறான் இல்லையே" என்றாள். "உன்னைப் பிடிக்கிறதெண்டா ரெண்டு பேர் வேணுமடி" என்று முன்னாலிருந்து பதில் வந்தது. பஸ் முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடைத் தொழிற்சாலையில் எங்கள் லைனுக்கு, அதாவது எங்கள் தையல் மெஷின் வரிசைக்கு, அவர்தான் மேற்பார்வை. அதனால் லைன் அக்கா. போனில் தொடராக வரும் நாவல்களை அவர் வீட்டில் இறக்கிக்கொண்டு வருவார். எங்கள் எல்லோருடைய டேட்டாவும் மிச்சம். ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எங்களுக்குத் தலை சுற்றும், அவருக்குச் சுற்றாது. காலைப் பயணத்தில் காதல் நாவல், மாலைப் பயணத்தில் மாயக்கதை. காலையில் காதல் வைத்தால்தான் பெட்டைகள் நித்திரை கொள்ளாமல் வேலைக்கு இறங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்தபோது விட்டது, பிறகு போய் உட்கார வெட்கமாக இருந்தது. அதனால் இந்த நாவல்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இப்போதும் பயம்தான். எனக்கு எதற்கும் பயம். பஸ் பிரேக் பிடித்தால் பயம், வழக்கமில்லாத நேரத்தில் போன் அடித்தால் பயம். ஆனால் வாசிக்கும்போது மட்டும் பயத்தை முந்திக்கொண்டு ஏதோ ஒன்று "ஏன், ஏன்" என்று கேட்கத் தொடங்கிவிடும்.

காதல் நாவல்களில் கதாநாயகன் ஏன் எப்போதும் கம்பனி முதலாளியாகவே இருக்கிறான்? ஏன் எல்லோருக்கும் ஒரே கோபம்? அறுபது அத்தியாயத்துக்குக் கத்துகிறான், கடைசி ஐந்தில் அழுகிறான், அதோடு எல்லாம் சரியாகிவிடுகிறது. எழுதுகிறவர்களோ பெரும்பாலும் பெண்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த பகுதி நாளைக்கு என்று அத்தியாயத்தின் அடியில் குறிப்புப் போடுகிறவர்கள். அப்படி ஓய்வில்லாமல் இருந்து எழுதுகிற ஒருத்தி, கத்துகிற ஆணை ஏன் இவ்வளவு ஆசையாக எழுதுகிறாள்? கடைசியில் அவனை அழவைக்கலாம் என்பதற்காகவா? எனக்கு இன்னும் விடை தெரியாது.

மாயக்கதைகளில் வேறு மாதிரி. முதல் பக்கத்தில் வாயில் நுழையாத ஊர்ப்பெயர்களோடு ஒரு வரைபடம். மந்திரம் சும்மா கிடைக்காது. ஒரு கதையில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு ஞாபகத்தைக் கொடுக்கவேண்டும். அதைக் கேட்ட மாலை எந்த ஞாபகத்தைக் கொடுக்கலாம் என்று பஸ்ஸில் பெரிய விவாதம். கொடுக்க எல்லோரிடமும் நிறைய இருந்தது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். பறவைநாகம் வந்து நெருப்புக் கக்குகிறது, "மக்கள் நகரைவிட்டு வெளியேறினர்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு எழுத்தாளர் ராணியின் அறைக்குப் போய்விடுகிறார். அந்தச் சனம் பானையை எடுத்ததா, தண்ணீருக்கு என்ன செய்தது, கிழவர்களை எதில் ஏற்றியது? அந்த ஒற்றை வரி வந்தால், இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்குவோம். அக்காவும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.

மணிக்கட்டு அத்தியாயம் வந்த நாட்களில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பிரான்சில் ஓர் உணவகத்துக் குசினியில் சமையல் வேலை. சாதகம் பொருந்திவிட்டது. தை பிறக்குமுன் பதில் சொல்லவேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். முப்பத்தாறு வயதில் இதைவிட்டால் வேறு வராது என்பது எல்லோருடைய பேச்சு. ஞாயிறுகளில் மாப்பிள்ளை போன் எடுத்துப் பணிவாகத்தான் பேசுவாராம்.

"போனில எல்லாரும் நல்லவைதான். கோபம் வந்தா ஆள் எப்பிடி எண்டு சாதகத்தில எழுதியிருக்கோ?" என்றார் அக்கா என்னிடம், மத்தியானச் சாப்பாட்டின்போது. பிறகு சோற்றைக் குழைத்தபடி, "அந்த நாவலை அவருக்கு அனுப்பிப்போட்டன். வாசிச்சிட்டு அவனைப் பற்றி என்ன நினைக்கிறியள் எண்டு கேட்டிருக்கிறன்" என்றார்.

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன். "என்னக்கா செய்தனீங்கள்? பைத்தியம் எண்டு நினைக்கப் போறார். அவர் அந்தக் கதாநாயகனை நல்லவன் எண்டு சொன்னா?"

"சொன்னா எனக்குப் பதில் கிடைச்சிடும்."

பிரான்சிலிருந்து பதில் வரும்வரை நான் அந்த நாவலை முதலிலிருந்து திரும்பவும் வாசித்தேன், ஒரு மாப்பிள்ளை வாசிப்பதுபோல. விசித்திரமான அனுபவம் அது. பஸ்ஸில் கேட்டபோது கண் மூடிச் சிரித்த இடங்களில் இப்போது நிறுத்தி நிறுத்தித் திரும்பப் படித்தேன். அவன் கதவைப் பூட்டும் இடம், போனைப் பறிக்கும் இடம், எல்லாவற்றையும் எழுத்தாளர் "அவனுடைய அன்பு" என்றே எழுதியிருந்தார். ஒரே எழுத்து ஆளுக்கு ஆள் இப்படி மாறுமென்றால், பிரான்சில் ஒரு குசினியில் நிற்கிறவருக்கு அது என்னவாக இருக்கும்?

பதில் குரல் செய்தியாக வந்தது. அக்கா சாப்பாட்டு அறையின் மூலையில் வைத்து எனக்கும் போட்டுக் காட்டினார். "வாசிச்சு முடிச்சிட்டன். எனக்கொரு விசயம் விளங்கேல்ல. அந்தப் பிள்ளை முதல் அத்தியாயத்தில வங்கியில வேலை செய்யுது. கலியாணத்துக்குப் பிறகு அந்த வேலைக்கு என்ன நடந்தது? அவவும் போகேல்ல, வங்கியும் தேடேல்ல. எழுதினவ மறந்துபோனாவோ?"

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. சாயங்காலம் பஸ் இரண்டாகப் பிரிந்தது. "உழைக்க விடுவார், நல்ல மனுசன்" என்றது ஒரு பக்கம். "அவவின்ர சம்பளத்தில கண் வச்சிட்டார்" என்றது மறுபக்கம். அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மணிக்கட்டைப் பற்றி ஒரு கதையும் இல்லையே" என்றார். அந்த ஞாயிறு போனில், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார். மறுநாள் எனக்குச் சொன்னார்: அவர், "எனக்குக் கோபம் வராது எண்டு சொல்லமாட்டன். வேலையிடத்தில ஒருக்கா சட்டியை நிலத்தில எறிஞ்சனான். ஆளில எறிஞ்சதில்லை" என்றாராம்.

"சட்டி எறியிற ஆளோ?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வேண்டாமக்கா."

"பொய்க்காரன் எண்டா இல்லை எண்டுதானே சொல்லியிருப்பான்?" என்றார் அக்கா. ஆனால் உறுதியாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கேட்பதுபோலத்தான் சொன்னார். அந்தக் கேள்வியோடுதான் சம்பந்தத்துக்கு ஓம் என்றார். கலியாணம் முடிந்து, அதே கேள்வியோடுதான் பிரான்சுக்கு விமானம் ஏறினார்.

இப்போது பஸ்ஸில் நான் வாசிக்கிறேன். தலை சுற்றத்தான் செய்கிறது, மேடுபள்ளம் வரும் இடங்களில் நிறுத்திவிட்டு வெளியே வயலைப் பார்க்கிறேன். மாயக்கதைகளை அக்காவுக்கும் அனுப்புகிறேன். சண்டைக்குத் தப்பி ஓடிவந்த எதிரி நாட்டுச் சனத்துக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிற ஒரு ராணியின் கதையைப் போன மாதம் அனுப்பியிருந்தேன். நானே அதைப் பாதிதான் வாசித்திருந்தேன்.

போன கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரிடமிருந்து குரல் செய்தி. "எடியே, நேற்று இஞ்ச பெரிய சண்டை" என்று தொடங்கியது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உன்ர ராணியால வந்த சண்டை. அவ எதிரியின்ர சனத்துக்குக் கதவைத் திறந்தது சரி எண்டு நான் சொல்லுறன். இவர் பிழை எண்டுறார். சோறும் ஆறிப்போச்சு." பின்னாலிருந்து ஆண் குரல் ஒன்று உரக்க வந்தது: "தங்கச்சி, நீங்களே சொல்லுங்கோ! உள்ளுக்க பத்து நாள் சாப்பாடுதான் கிடக்கு, ஆராவது திறப்பினமோ? முதலில தன்ர சனத்தை..."

"நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்ல" என்றார் அக்கா.

அந்தச் செய்தியை நான் மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் ராணிக்காக. இரண்டாம் தரம் அவருடைய குரலுக்காக. அதில் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமுடியாது. மூன்றாம் தரம் அக்காவுக்காக. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா பாதியில் மறிக்கிறார். அடுத்த வார்த்தையைத் தேடாமல், குரலைத் தணிக்காமல், எங்கள் லைனில் தையல் பிழைத்தால் மறிப்பாரே, அதே மாதிரி. பயந்திருக்கிற ஆள் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். அப்படிப் பேசாது.

பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து, மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே பதில் சொன்னேன்: "ராணி செய்தது சரிதான் அண்ணை. வெளியில நிண்ட சனத்தைக் கேட்டுப் பாருங்கோ."