சாக்போவின் சாப்பாடு

இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டால் வீதா என்ற ஊரில் அந்தப் பிள்ளையைத் தலைமுழுகிவிட மாட்டார்கள். மரத்தில் சின்ன உருவம் செதுக்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, குளிப்பாட்டி, வேளைக்குச் சோறும் வைப்பார்கள். உயிரோடிருக்கும் ஜின்சிக்குப் புதுத் துணி எடுத்தால், இறந்துபோன சாக்போவின் உருவத்துக்கும் அதில் ஒரு துண்டு கிழிப்பாள் அம்மா செஸ்ஸி. இரண்டும் சாப்பிட்ட பிறகுதான் அவள் தன் தட்டில் கை வைப்பாள்.

ஜின்சி கோட்டனூ நகரத்துக்குப் போய்க் கலைஞரானாள். புகைப்படம், காணொளி, துணி, களிமண் என்று கையில் அகப்பட்டதிலெல்லாம் ‘நான் யார்’ என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். கைத்தட்டல் மட்டும் வருஷா வருஷம் கூடியது. இந்த வருஷக் கண்காட்சியில் வைக்க, தம்பியின் உருவத்தையே அம்மாவிடம் கேட்டாள்.

“கொண்டு போ. பசி தாங்கமாட்டான், பாத்துக்க” என்றாள் செஸ்ஸி.

கண்காட்சிக் கூடத்தின் மேலாளருக்கோ வேறு கவலை. “அவிச்ச காராமணி வெச்சா எறும்பு வரும் மேடம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தாத்தான் மரியாதை.”

பட்டினி போடுவதற்கு இப்படியும் ஒரு பெயர். ஜின்சி தலையாட்டிவிட்டாள்.

அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். “தம்பி சாப்பிட்டானாடி?”

“சாப்பிட்டான்மா.”

முதல் நாள் நாக்குக் கூசியது. அப்புறம் பழகிவிட்டது. இறந்தவர்களின் பசியை எங்கள் ஜனங்கள் எப்படி ஆற்றுகிறார்கள் என்று நிருபர்களுக்கு மணிக்கணக்கில் விளக்கினாள். விளக்கும்போது பெட்டிப் பக்கம் மட்டும் திரும்பமாட்டாள்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செஸ்ஸி வந்து நின்றாள், கையில் செம்பனை எண்ணெய் ஊற்றிய காராமணிச் சட்டியோடு. முழுப் பூசணிக்காய் சோற்றில் எத்தனை நாள் மறையும்? எப்போதும் எண்ணெய் மினுங்கும் சாக்போவின் வாய் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. கிழவி கண்ணாடியில் கை வைத்தாள்.

“கோச்சுக்காதடா ராசா. ஒன்கூடப் பொறந்தவளுக்கு வேலை ஜாஸ்தி.”

“அம்மா, எறும்பு வரும்னு அவங்கதான்...”

“வந்தா அதுவும் தின்னுட்டுப் போவுது.” செஸ்ஸியின் குரல் உயரவே இல்லை. “சாப்பிட்டான்னு தெனமும் சொன்னியேடி. அத நம்பித்தான நான் என் தட்டுல கை வெச்சேன்.”

இப்படியொரு பாவத்தை அம்மா தலையிலும் கட்டிவிட்டோமே என்று ஜின்சிக்கு உடம்பு குறுகியது. போய் மேலாளரிடம் பெட்டிச் சாவியைக் கேட்டாள். அவர் ஏதோ விதி சொன்னார். சாவி வரும்வரை அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

பெட்டியைத் திறந்து சாக்போவை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள். செஸ்ஸி தரையில் உட்கார்ந்து, இரண்டு தட்டில் காராமணியைப் போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளாமல் காத்திருந்தாள்.